வங்கத்து அண்ணியார்

சென்ற பருவத்தில் ஒரு மாலை, விடுதி முற்றத்தில் நண்பர் சிலர் கூடியிருந்தபோது, வங்கமொழிச் சொல் ஒன்று நகைப்பொருளாக வந்து விழுந்தது. 'பௌதி' என்பது அச்சொல். அண்ணன் மனைவியைக் குறிக்கும் அதனை, கைப்பேசியில் ஓடும் மலிவான தொடர்களினின்று கற்றுக்கொண்ட ஒருவர் கண்ணைச் சிமிட்டிச் சொல்ல, மற்றையோர் பொருள் முழுதும் விளங்காமலே சிரித்தனர். யானும் சிரித்தேன்; அதனை மறைப்பது முறையன்று. அறைக்குத் திரும்பியபின், நூல்நிலையத்தினின்று கொணர்ந்து படித்து மேசைமேல் வைத்திருந்த இரவீந்திரநாதரின் 'வீடும் வெளியும்' என்ற நாவல் கண்ணிற் பட்டது. அந்நூலில் வரும் அண்ணியை அறிந்த பின்னரும் அச்சிரிப்பிற் கலந்துகொண்டது எங்ஙனம் என்று நாணினேன். இக்கட்டுரை அந்நாணத்திற் பிறந்தது.

கல்கத்தாவின் கடைத்தெருவில் மீன் விற்பவனும் காய்கறி விற்பவனும் மணமான பெண் எவளையும் 'பௌதி' என்றே அழைப்பர். அயல்வீட்டுப் பெண்ணும் பௌதி. அலுவலக நண்பரின் மனைவியும் பௌதி. நம்மவர் 'அக்கா' என்றும் 'அம்மா' என்றும் விளித்து வணிகம் பேசுவது போன்றதே அது. ஒரு நாட்டினர் நாள்தோறும் மதிப்போடு வழங்கும் சொல்லையே இழிந்த நகைக்கும் கருவியாக்கினால், கேட்கும் பெண்ணுக்கு அஃது எத்தகைய துன்பமாகும் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆயினும், அந்நகை வெறுவெளியினின்று தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு மேலாக வங்கக் கதைகள் அண்ணியையும் கொழுந்தனையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. காரணம் யாது?

காரணம் கதையில் இல்லை. வீட்டின் அமைப்பில் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரையில் நடந்த வங்க இந்துக் கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் இல்லை. ஆதலின், மணமகள் முன்பின் அறியாத வீட்டிற்கு வருகிறாள். வரும்போது அவளுக்கு வயது எட்டோ, ஒன்பதோ, பத்தோ. கணவன் அவளினும் பல்லாண்டு மூத்தவன். பகலில் அவனோடு பேசுவது நாணமற்ற செயலாகக் கருதப்படும். மாமனார் முன் முக்காடு. கணவனின் மூத்த உடன்பிறந்தானாகிய 'பாசுர்' முன்போ முக்காட்டினும் மிகுந்த கட்டுப்பாடு. அவன் நிழலும் படாது ஒதுங்க வேண்டும், அவன் பெயரை நாவாற் சொல்லலாகாது. மாமியாரும் நாத்தனாரும் குற்றம் காணும் கண்ணினர். எஞ்சியிருப்பவன் ஒருவனே. அவளோடு ஒத்த வயதினனோ, ஓரிரண்டு ஆண்டு இளையவனோ ஆன கணவனின் தம்பி. அவனோடு பேசலாம், சிரிக்கலாம், சண்டையிடலாம். அவனை 'டாகுர்போ' என்று அவள் அழைப்பாள். அந்தப் பெரிய மாளிகை முழுவதிலும் வழக்கம் அவளுக்கு விட்டுவைத்த ஒரே தோழன் அவனே.

மொழியறிஞர் ஒருவர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, 'தேவரன்' என்ற வடசொல்லுக்கே 'இரண்டாம் வரன்' என யாஸ்கரின் நிருக்தத்தில் பொருள் கூறப்பட்டுள்ளதே என்பார். உண்மையே. மகப்பேறின்றி இறந்த தமையனின் குடியை இளையவன் நிலைநிறுத்தும் வழக்கம் பழைய இஸ்ரவேலரிடத்தும் இருந்தது. உபாகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் அச்சட்டத்தைக் காண்கிறோம். எழுவரை மணந்த பெண்ணைப் பற்றிச் சதுசேயர் நம் ஆண்டவரிடம் வினாவியதும் அச்சட்டம் பற்றியே. ஆனால் பிற்காலத்து வங்க உயர்குலத்தார் கைம்பெண்ணின் மறுமணத்தையே பாவம் என விலக்கியவர். வித்தியாசாகரர் போராடி 1856-ல் சட்டம் பெற்ற பின்னரும் அவ்விலக்கு எளிதில் நீங்கவில்லை. பழைய முறைமை மாண்டுவிட, அதன் கேலிப் பேச்சு மட்டும் எஞ்சி நின்றது என்பது பொருந்தலாம். அவ்வளவே. ஒரு சொல்லின் வேரைக் காட்டி ஒரு பெண்ணின் நெஞ்சை அளந்துவிட முடியாது.

வங்கத்தார் நல்ல கொழுந்தனை 'இலட்சுமணனைப் போன்ற தேவரன்' என்று புகழ்வர். சீதையின் அணிகளைக் காட்டியபோது, நாள்தோறும் அடிபணிந்ததால் காற்சிலம்பையன்றி வேறெதனையும் அறியேன் என்றான் அவன் என்பது வான்மீகத்தில் வரும் செய்தி. ஆனால் அதே வான்மீகத்தில், மாயமானின் குரல் கேட்டு அஞ்சிய சீதை, தன்மேல் இச்சை கொண்டன்றோ நீ போகாது நிற்கின்றாய் என்னும் கருத்துப்பட அவனைச் சுடுகிறாள். நம் கம்பர் அவ்வையத்தை வெளிப்படச் சொல்லாது ஒதுக்கிச் சென்றார். அண்ணி தாயே என்று வணங்கும் கையும், இவர்களிடை ஏதோ உளது என்று சுட்டும் விரலும் ஒரே உடம்பின் உறுப்புக்கள் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

இனி ஒரு மெய்யான வீட்டைப் பார்ப்போம். கல்கத்தாவின் ஜோராசாங்கோவிலுள்ள தாகூர் மாளிகைக்கு 1868-ல் காதம்பரி தேவி மணமகளாக வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. கணவர் ஜோதிரிந்திரநாதருக்குப் பத்தொன்பது. கணவரின் கடைசித் தம்பியருள் ஒருவனாகிய இரவிக்கு ஏழு. 1875-ல் தாயார் சாரதா தேவி இறந்தபின், தாயற்ற சிறுவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றவர் இந்த இளம் மருமகளே என்று பின்னாளில் இரவீந்திரர் தம் வாழ்க்கை நினைவில் எழுதினார். முதுமையில், 1940-ல் வெளியிட்ட 'சேலேபேலா' என்னும் பிள்ளைப்பருவ நூலில் அவர் நினைவுகூர்வன யாவும் மிகச் சிறிய பொருள்கள். பள்ளியினின்று வந்ததும் அண்ணி கையாற் பிசைந்து தரும் பழஞ்சோறும் இறாலும், அதில் மணக்கும் சிறிது மிளகாயும். அண்ணிக்காகத் தாம் நறுக்கிக் கொடுத்த பாக்கு. காய வைத்த மாம்பழத் தகட்டுக்குக் காவல் இருந்தது. நடுப்பகலில் அவருக்குக் கதைநூல் படித்துக் காட்டியது. உலகப் புகழ் பெற்று எண்பதை எட்டும் கிழவர், பாக்கு நறுக்கியதை மறவாதிருக்கிறார்.

காதம்பரி தேவியார் இலக்கியம் சுவைக்க வல்லவர். பிகாரிலால் சக்கரவர்த்தி என்னும் கவிஞரிடம் பெருமதிப்புடையவர். அவருக்கென்று தம் கையாலேயே ஓர் ஆசனத்தைப் பூத்தையலிட்டு அளித்தார். கொழுந்தன் பாட்டெழுதிக் காட்டினால், பிகாரிலாலைப் போல் உன்னால் எழுதவே முடியாது என்று அடக்கி வைப்பாராம். இரவீந்திரருக்குக் கிடைத்த முதற் கண்டிப்பான திறனாய்வாளர் இவரென்றே சொல்லத் தோன்றுகிறது. 1883 டிசம்பரில் இரவீந்திரருக்கு மணம் நடந்தது. 1884 ஏப்பிரலில், இருபத்தைந்து ஆண்டு நிரம்புமுன், காதம்பரி தேவி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்தார் அதுபற்றி வாய் திறக்கவில்லை.

அம்மௌனத்தை நிரப்பப் பிற்காலத்தார் ஓடோடி வந்தனர். இவ்விரு நிகழ்ச்சிக்கும் இடையே நான்கு திங்களே என்று விரல்விட்டு எண்ணிக் காதற்கதை ஒன்று கட்டிவிட்டனர். அவர் எழுதிய இறுதிக் கடிதம் என்று புனைந்து ஒரு நூலே வெளிவந்து பெருவிற்பனையாயிற்று. 2015-ல் படமும் வந்தது. இறந்தவர் வாயில் தாம் விரும்பிய சொற்களை இட்டு விற்பது எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. பிள்ளைப்பேறு இல்லாத, கணவர் நாடகமும் வணிகமும் என்று வெளியே திரிந்த, தாம் கற்ற கல்வியைக் காட்ட வேறிடம் இல்லாத ஒரு பெண்மணியின் தனிமைக்குக் 'காதல்' என்ற ஒரு சொல்லை ஒட்டிவிட்டால், அதற்குமேல் ஆராய வேண்டிய தொல்லை நமக்கு இல்லை. வீடு பொறுப்பினின்று தப்பிவிடுகிறது.

'இரவீந்திரரே அவ்வாறு கதை எழுதியுள்ளாரே' என்று வினவுவோர்க்கு விடை கூறல் கடன். 1901-ல் அவர் எழுதிய 'நஷ்டநீடம்', அதாவது சிதைந்த கூடு, அத்தகையதே. பூபதி என்னும் செல்வர் ஆங்கிலச் செய்தித்தாள் நடத்துவதில் மூழ்கியிருக்கிறார். சிறுமியாக வந்த மனைவி சாருலதை எப்போது குமரியானாள் என்பதையும் அவர் அறிந்திலர். அவர் வீட்டில் தங்கிக் கல்லூரியிற் பயிலும் அத்தை மகன் அமலன், முறையிற் கொழுந்தன், அவளுக்குத் துணையாகிறான். இருவரும் தோட்டம் போடத் திட்டமிடுகின்றனர். அவன் கேட்கும் சிறு பரிசுகளை அவள் தன் கையாற் செய்து தருகிறாள். அவன் எழுதுகிறான், அவள் கேட்கிறாள். பின்பு அவளும் எழுதுகிறாள். சாரு அமலனை நேசித்தாள் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் அக்கதையில் அவள் நெஞ்சு முதன்முதற் புண்படும் இடம் எது? அவர்கள் இருவருக்கும் மட்டுமே என்று அவள் எண்ணியிருந்த எழுத்தை அமலன் பத்திரிகைக்கு அனுப்பி ஊரறியச் செய்யும் இடம். பின்னர் அவளுடைய கட்டுரையும் அச்சேறி, திறனாய்வாளர் அவளைப் புகழ்ந்து அவனைக் குறைத்துப் பேசும்போது, அந்நட்பில் முதற் கீறல் விழுகிறது. இதனைக் காமக் கதை என்று படிப்பவர், பாதிக் கதையைப் படிக்காமல் விட்டவர்.

அப்பால் அமலன் பர்துவானில் மணம் செய்துகொண்டு இங்கிலாந்து செல்கிறான். சாரு தன் நகையை அடகு வைத்து, கணவர் அறியாமல் அவனுக்குத் தந்தி அடிக்கிறாள். அவன் செல்லலாம், கடல் கடக்கலாம், பட்டம் பெறலாம். அவள் அதே சாளரத்தருகே இருக்கிறாள். என் சிறு அறிவிற்கு, வங்கக் கதைகளில் அண்ணியின் துயரம் முழுவதும் இதிலேயே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அண்ணியும் கொழுந்தனும் ஒரே மாடியில் ஒருங்கு விளையாடிய குழந்தைகள். ஒரு குழந்தைக்கு வாயிற்கதவு திறக்கிறது. மற்றொரு குழந்தைக்குத் திறப்பதில்லை. சத்தியஜித் ராய் 1964-ல் இக்கதையைச் 'சாருலதா' என்று படமாக்கியபோது, வீட்டிற்குள்ளேயே சாளரம் சாளரமாக நடந்து, நாடகக் கண்ணாடியின் வழியே தெருவிற் போவோரை நோக்கும் சாருவைத் தொடக்கத்திலேயே காட்டினார். அவர் கதையைச் சரியாகப் படித்தவர்.

சரத் சந்திரர் வேறு வழி சென்றார். 'ராமேர் சுமதி'யில் வரும் நாராயணி, பதின்மூன்று வயதில், இறக்கும் மாமியாரிடமிருந்து இரண்டரை வயதுக் குழந்தை ராமனை ஏற்று வளர்க்கிறாள். ஊர் முழுவதையும் கலக்கும் முரட்டுப் பையன் அண்ணி ஒருத்திக்கே அடங்குகிறான். படிப்போர் கண் கலங்காதிருத்தல் அரிது, யானும் கலங்கினேன். ஆயினும் ஒரு குறை சொல்வேன். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாயாக்கிவிட்டு, அவள் தன் குழந்தைப் பருவத்தை எங்கே இழந்தாள் என்று ஆசிரியர் வினவுவதில்லை. தெய்வமாக்கப்பட்டவளிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை அன்றோ? அதே ஆசிரியர் 1917-ல் முடித்த 'சரித்திரஹீன்' என்னும் நாவலில், கூர்ந்த அறிவுடைய கிரணமயி தன்னைப் பௌட்டான் என்றழைக்கும் இளைஞன் திவாகரனை அழைத்துக்கொண்டு அரக்கானுக்குக் கப்பலேறுகிறாள். அவளை அங்ஙனம் ஏவியது திவாகரன்மேற் காதலன்று. மற்றொருவர் தந்த அவமதிப்பின் வடு. இறுதியில் ஆசிரியர் அவளைப் பித்துப் பிடித்தவளாக்கி விடுகிறார். அத்துணை அறிவுடைய பெண்ணை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை போலும். நாராயணிக்குக் கோயில், கிரணமயிக்குப் பித்து. சரத் சந்திரரிடம் எனக்குள்ள அன்பு குறையவில்லை. ஆனால் இத்தீர்ப்பை ஏற்க என் மனம் இசையவில்லை.

இந்நூல்கள் தமிழுக்கு வந்த வகையையும் ஒரு சொல் கூறுவேன். த. நா. குமாரசாமி, அ. கி. ஜயராமன், ஆர். சண்முகசுந்தரம் முதலியோர் உழைப்பால் வங்க நாவல்கள் தமிழர் வீடுகளிற் புகுந்தன. பௌதி என்பதற்கு நேராகத் தமிழில் வழங்கும் பொதுச்சொல் அண்ணி. நம் காதிற்கு 'அண்ணி' என்பது தாயை ஒட்டிய சொல். ஆதலின் நாராயணி நமக்கு எளிதில் விளங்குகிறாள். சாருவோ உடனே குற்றவாளியாகிறாள். நெல்லைச் சீமையார் வழங்கும் 'மதினி'யோ கேலியும் உரிமையும் கலந்தது. முறைப்பெண்ணையும் அண்ணன் மனைவியையும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கினின்று வந்தது. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்க்கு, சாருவும் அமலனும் தோட்டத்தைப் பற்றிச் சண்டையிடுவது வியப்பாயிராது. எனினும் மதினிமார் பலர் நமக்கு மாமன் மகளாகவோ அத்தை மகளாகவோ முன்பே அறிமுகமானவர். வங்கத்துப் பெண் அறிமுகமற்ற ஊரினின்று வந்தவள். அவளுக்கு அந்தச் சண்டை விளையாட்டு மட்டுமன்று, பிழைப்பு.

இனி, என்னை நாணச்செய்த அந்த அண்ணியிடம் வருவேன். 1916-ல் நூலாக வெளிவந்த 'வீடும் வெளியும்' நாவலைப் பற்றிப் பேசுவோர் யாவரும் விமலையையும் சந்தீபனையும் பற்றிப் பேசுவர். சுதேசிக் கிளர்ச்சியைப் பற்றிப் பேசுவர். அந்த ஜமீன் மாளிகையின் ஒரு மூலையில் நிகிலனின் தமையனை இழந்த கைம்பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவன் குடித்து அழிந்தவன், குழந்தை இல்லை. விமலையின் கண்ணுக்கு அவள் பொறாமைக்காரி, நாவிற் கூர்மையுடையவள், சிறு பொருளுக்கும் சண்டையிடுபவள், கொழுந்தனிடம் இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பவள். படிக்கும் நாமும் விமலையோடு சேர்ந்து அவளை வெறுத்துவிடுகிறோம். வங்கத்தில் வழங்கிய தாயபாகச் சட்டம், மகனில்லாக் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கை அவள் வாழ்நாள் மட்டும் அனுபவிக்கும் உரிமையைத் தந்திருந்தது. 1956-ல் புதிய வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை வீட்டார் அவளை ஒருபுறம் பங்காளியாகவும் ஒருபுறம் சுமையாகவும் நோக்கியது அதனாலேயே. அவளுடைய ஓயாத கணக்கும் வழக்கும் அப்பின்னணியில் வியப்பன்று.

கதையின் முடிவில் நிகிலன் மனைவியுடன் கல்கத்தாவிற்குக் குடிபெயர ஆயத்தமாகிறான். அவன் அறையினுள் நுழைந்தபோது அண்ணியின் பெட்டிகளும் மூட்டைகளும் கட்டி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறான். அவளும் உடன்வரப் போகிறாளாம். மணமாகி வந்த நாள்முதல் ஒரு நாளும் அகலாத வீட்டை, கணவன் பங்கென்று இத்தனை காலம் போராடிக் காத்த வீட்டை, அவள் விட்டு வரத் துணிந்துவிட்டாள். நிகிலனுக்குத் திடீரென்று எல்லாம் விளங்குகிறது. அவள் மணமகளாக வந்தபோது தான் ஆறு வயதுச் சிறுவன். நண்பகலில் மொட்டைமாடியின் மூலையில் இருவரும் விளையாடியது, மரத்தின் உச்சியினின்று தான் பறித்தெறிந்த காயை அவள் கடுகும் உப்பும் சேர்த்துத் தொக்காக்கியது ஆகிய யாவும் அவன் நினைவில் எழுகின்றன. தன்னிடம் அவள் இட்ட பூசல்கள் பொருளுக்காக அல்ல. உலகத்தில் அவளுக்கென்று எஞ்சியிருந்த ஒரே உறவைப் பிறர் வந்து பங்கிட்டுக்கொள்வதைத் தாங்காமல் எழுந்தவை.

இதிற் காதல் எங்கே? தாய்மைதான் எங்கே? இரண்டும் இல்லாமல், இரண்டினும் வலிமையான ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு நம் மொழியில் ஒரு பெயரைத் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. விடுதி முற்றத்தில் அன்று சிரித்த நண்பருக்கு அப்பக்கங்களைப் படித்துக் காட்டினேன். அவர் நூலை என்னிடமிருந்து வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை, நூல்நிலையத்தார்க்குத் தண்டம் கட்டுபவன் யானே.

கல்கத்தாப் பயணமோ நிகழவில்லை. அன்று மாலையே ஊரிற் கலகம் மூள, நிகிலன் குதிரையேறித் தனியே செல்கிறான். அவனைத் தடுத்து நிறுத்தும்படி அண்ணி கதறுகிறாள். விமலை சாளரத்தண்டை அசையாது நிற்கிறாள். இரவில், தலையில் அடிபட்ட அவனைப் பல்லக்கில் வைத்துக் கொணர்கின்றனர். பிழைப்பானா என்பதை ஆசிரியர் சொல்லாமல் விடுகிறார். மூலையில் அவள் கட்டி வைத்த பெட்டிகள் அவிழ்க்கப்படாமலே இருக்க, கதை முடிகிறது.